ஞாயிற்றுக்கிழமை நண்டு

பள்ளிமுனைக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை, நண்டு கிலோவுக்கு முந்நூறு ரூபாய். ஆண்டவருடைய நாளுக்கு அதற்குமுன் யாரும் விலை கேட்டதில்லை. கேட்டவன் நண்டு வியாபாரி பைறூஸ். வெளிநாட்டுக்குப் போகும் திங்கட்கிழமை விமானத்துக்குச் சரக்குப் போதவில்லையாம். மற்ற நாளில் கிலோ ஆயிரத்து அறுநூறு. ஞாயிறு காலை ஒன்பதுக்குள் கொடுத்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

பேதுரு பேரம்கூடப் பேசாமல் சம்மதித்துவிட்டு வந்தான். அவன் மனைவி செலீனாவுக்கு முதல் கோபம் அதில்தான்.

"விக்கிறதெண்டு முடிவெடுத்தனீங்கள், ஒரு ஐந்நூறாவது கேக்கப்படாதோ? யூதாஸ்கூட முப்பது காசை எண்ணித்தான் வாங்கினவன்."

"நான் ஒருத்தரையும் விக்கேல்லை. ஞாயிறு எண்டு எஞ்சின் லீசிங்காரன் வட்டியை விடுறானோ? சனி பின்னேரம் வலையைப் போட்டிட்டு வருவன். ராவில நண்டு தானா வந்து படும். அதில என்ர பாவம் என்ன கிடக்கு?"

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் தள்ளினால் கோயிலில் தண்டம் கட்டவேண்டும். இப்போது தண்டமும் இல்லை, கேட்பாரும் இல்லை. தெருவே பேதுருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் போய்க் காசோடு வந்தால் அடுத்த கிழமை பத்து வள்ளம் இறங்கும். அறைக்குள் மகள் சுவேதினி, அடுத்த மாதம் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக, "ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன் திருநாட்களிலும் முழுப்பூசை காண்பது" என்ற திருச்சபைக் கட்டளையை உரத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். அப்பன் கடலில் நிற்க, பிள்ளை இதை எந்த முகத்தோடு ஒப்புவிக்கும்?

செலீனா நேரே பைறூஸின் தராசடிக்குப் போனாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நண்டு கொண்டுவந்தால் நிறுப்பியளோ?"

"என்னக்கா பகிடியோ? தராசை மூடிப்போட்டுப் பள்ளிக்குப் போயிருப்பன்."

"கிலோவுக்கு முந்நூறு குறைச்சுத் தாறன்."

"சும்மா தந்தாலும் தொடமாட்டன்."

"அப்ப என்ர நாள் மட்டும் மலிவோ?"

பைறூஸ் தலையைச் சொறிந்தான். "நான் கேட்டனான், அண்ணன் ஓமெண்டிட்டார். விக்கிறவர் இருந்தால் வாங்கிறதுதானே அக்கா யாவாரம்?"

நியாயம்தான். குற்றம் வாங்குகிறவனில் இல்லை. செலீனா வீட்டுக்கு வந்து, கோயிலுக்குக் கட்டும் சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்து வைத்தாள்.

ஞாயிறு ஆறரைக்கு வள்ளம் கரை தட்டியது. நல்ல பாடு. வலை முழுக்க நண்டு, நண்டு முழுக்க வலை. கடலுக்குப் போவது ஆண்கள். சிக்கின நண்டைக் கால் முறியாமல் கழற்றுவது பெண்கள். அந்தக் கரையில் என்றைக்கும் அப்படித்தான். எஞ்சின், எண்ணெய், விலை எல்லாவற்றையும் கணக்குப் பார்த்த பேதுரு, மனைவியின் பத்து விரல்களை விட்டுவிட்டான். சும்மா கிடைப்பதை எவன் கணக்கில் சேர்க்கிறான்?

"இஞ்சேர், கெதியா வா! ஒன்பதுக்கு லொறி."

செலீனா சேலையும் முட்டாக்குமாய், சுவேதினியின் கையைப் பிடித்தபடி மணலில் நின்றாள்.

"நான் கை கழுவிட்டன். ஏழு மணிப் பூசை."

"விளையாடாத. ஒரு மணித்தியாலம் இரு."

"தானா வந்து பட்ட நண்டுதானே? தானாக் கழண்டு போகும்."

பேதுரு பக்கத்து வீட்டு ஜெஸ்லியாவைக் கெஞ்சிப் பார்த்தான். "செலீனா அக்கா தொடாத வலையை நான் தொடுறதோ? நல்ல கதை," என்று அவளும் கோயில் பக்கம் நடந்தாள்.

பூசை முழுக்கச் செலீனாவின் காதில் நண்டுக்கால் முறியும் சத்தம்தான். எஞ்சின் காசு அவளுடைய காசும்தானே? காணிக்கை நேரத்தில் எழும்பி ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. முழங்காலை இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். பங்குச் சுவாமி கடைசி ஆசீர் கொடுக்கும்வரை அசையவில்லை.

திரும்பி வந்தபோது பேதுருவின் விரலெல்லாம் கீறல். லொறியடியில் பைறூஸ் நின்றான்.

"அக்கா, காலில்லாத நண்டை விமானத்தில ஏத்தமாட்டாங்கள். முறிஞ்சதுக்கு எழுநூறுதான் போடலாம். இப்பிடியெண்டால் ஞாயிற்றுக்கிழமை லொறி அனுப்புறது எனக்கும் நட்டம்."

"அப்ப திங்கள் வாங்கோ தம்பி. முழுக்காலோட தாறம்."

வீட்டுக்கு வந்ததும் பேதுரு கையை நீட்டினான். அவள் அவனுடைய கையைக் கழுவி, மருந்து பூசிவிட்டாள். பிறகு அவனுடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக் கதிரையில் போட்டாள்.

"என்ன இது?"

"மாலைப் பூசை அஞ்சரைக்கு."

"கை எரியுது, செலீனா."

"கும்பிடுறதுக்கு அந்தக் கை போதும்."

சோறு வடித்தபடியே செலீனா மனத்துக்குள் கணக்கை முடித்தாள். முழு நண்டு ஐந்து கிலோ, ஒன்பதாயிரத்து ஐந்நூறு. முறிந்தது பதினேழு கிலோ, பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். ஆக வரவு இருபத்தோராயிரத்து நானூறு. இதே பாடு திங்களில் என்றால் முப்பத்தையாயிரத்து இருநூறு. நட்டம் பதின்மூவாயிரத்து எண்ணூறு. அதைக் கடல் தரும், கழற்ற அவள் விரல் இருக்கிறது. பாக்கி, ஒரு முழுப்பூசை. தவணை, இன்று ஐந்தரை.