ஆளுக்குப் பாதி கன்ட்ரோலர்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. "உங்களுக்குப் பிடிச்ச வீடியோ கேம் எது, ஏன் பிடிச்சது? நானூறு வார்த்தை போதும்" என்றார் பத்திரிகை ஆசிரியர். நானூறுதானே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'சிறந்த விளையாட்டு என்பது மனித மனத்தின்—' (அடித்துவிட்டேன். மனித மனத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?)

இரண்டாவது: படம் எவ்வளவு அழகு என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. தோற்றதும் 'தப்பு என்னுடையதுதான், இன்னொரு தடவை' என்று கை பரபரக்க வேண்டும். பழியை விளையாட்டின் மேல் போட முடிந்தால் அது மட்டமான விளையாட்டு. இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

2

எனக்குப் பிடித்தது ஒரு பழைய கோபுர விளையாட்டு. ஒரு குள்ள மனிதன் நாற்பது மாடி ஏற வேண்டும். மாடிக்கு மாடி பள்ளம். அவ்வளவுதான் விஷயம்.

சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரே கன்ட்ரோலர். முறைவைத்து ஆடினால் அடிதடி. அதனால் அண்ணனும் நானும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆளுக்குப் பாதி பிடித்தோம். இடது பக்கம் அவன்: நடப்பது. வலது பக்கம் நான்: குதிப்பது. விளிம்பு வந்ததும் அவன் "ம்" என்பான். நான் அமுக்குவேன்.*

(*கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் சிரிக்கலாம். நாங்கள் முப்பத்தொன்பதாவது மாடி வரை போனவர்கள்.)

கட்டுரைக்காகப் போன வாரம் தனியாக ஆடிப் பார்த்தேன். முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. விரல் பட்டனில்தான் இருக்கிறது, அமுக்கத்தான் மாட்டேன் என்கிறது. ஏனென்று யோசித்தேன். அது "ம்" வருவதற்காகக் காத்திருக்கிறது!

3

இங்கே அண்ணனைக் கதாபாத்திரமாக்கத் தயங்குகிறேன். ஏற்கெனவே ஒருமுறை ஆக்கியாயிற்று. அவன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அவனுக்கு ஒரு பயம் உண்டு. என்னிடம் மட்டும் சொன்னது.

[இங்கே ஒன்றரை வரி இருந்தது.]

நான் அதைக் கதையாக எழுதினேன். சாப்பாட்டு வேளையில் பணிமனையில் யாரோ அதைச் சத்தமாக வாசிக்க, எல்லோரும் சிரித்தார்களாம். நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. தப்பு என்னுடையதுதான், ஆனால் இன்னொரு தடவை ஆடக் கை வரவில்லை. வெட்கம்.

வரைவை மனைவி வாசித்தாள்.

"திரும்பவும் அதையே எழுதியிருக்கீங்க."

"மன்னிப்புக் கேக்கத்தானே…"

"ஊரக் கூட்டியா? முதல்ல உங்க அண்ணன்கிட்ட காட்டுங்க. வேணாம்னு சொன்னா கிழிச்சுப் போடுங்க."

4

அண்ணன் வீட்டுக்குப் போவதற்கு முன்பே முடிவுகளை எழுதிப் பார்த்தேன். (நோய் அப்படி.)

அ: அண்ணன் கதவைத் திறக்கவில்லை. (எனக்கு வசதியான முடிவு.)

ஆ: இருவரும் கட்டிக்கொண்டு அழுது, நாற்பதாவது மாடியில்— (வேண்டாம், எனக்கே நம்பிக்கை இல்லை.)

நடந்தது வேறு. அண்ணிதான் கதவைத் திறந்தார். "வாங்க தம்பி" என்றவர் என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கேம் வயரைப் பார்த்துவிட்டு உள்ளே கைகாட்டினார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வரைவைப் படித்தான். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, ஒன்றரை வரியைத் தாள் கிழியும்படி அடித்தான். மீதியைத் தொடவில்லை.

(அந்த இடத்தை நீங்கள் இட்டு நிரப்பிக்கொள்ளலாம். தப்பாகத்தான் நிரப்புவீர்கள். அதுதான் எனக்கும் வேண்டும். நாற்பதாவது மாடியில் என்ன இருக்கிறது என்பதும் உங்கள் பாடு.)

"பதினோரு தடவையா விழுந்த?"

"ஆமாண்ணா."

"முதல் பள்ளத்துலயா?"

"முதல் பள்ளத்துலதான்."

"அசிங்கம்டா" என்றபடி வயரை எடுத்து டிவியில் சொருகினான். பெரிய உடம்புகள் இப்போது. சோபாவில் இடம் போதவில்லை. இடது பாதியை அவன் பிடித்தான். விளிம்பு வந்தது.

"ம்."

பதற்றத்தில் நேரம் தவறி அமுக்கினேன். விழுந்தோம்.

"தப்பு என்னுதுதாண்ணா" என்றேன்.

"தெரியும்" என்றான், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னொரு தடவ."