அஞ்சனக்கல்

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அந்தக் கல்லைக் கையில் வாங்கியபோது கை சற்றுத் தாழ்ந்தது. எலுமிச்சம்பழ அளவுகூட இல்லாத கல்லுக்கு அத்தனை கனம். புஷ்பலதாவுக்கு அந்த நிலையிலும் ஒரு சின்னப் பெருமிதம் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. மடியில் மூன்று வயது ரேணுகாம்பாள் விரலைச் சூப்பியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவள் திரும்புவதில்லை.

புஷ்பலதா ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்ப்பவள். நெய்தவர்கள் கொண்டுவரும் சேலையைத் தராசில் வைக்கும் முன்பே கையில் ஏந்தி, ஜரிகை அசலா கலப்படமா என்று சொல்லிவிடுவாள். முதலாளிகூடத் தராசைவிட அவள் கையைத்தான் நம்புவார். அந்த ஊரில் கனம் என்றால் அசல், லேசு என்றால் ஏமாற்று, அவ்வளவுதான் கணக்கு. குழந்தை பிறந்தபோது, கடைகளில் விற்கும் மையெல்லாம் கெமிக்கல் என்று அவளுக்குப் பயம். தன் பிள்ளைக்கு அசல் மைதான் வேண்டும். ஆடி வெள்ளிக்குப் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போனவள், வழியில் மூலிகையும் கல்லும் பரப்பி வைத்திருந்தவனிடம் மை அரைக்கும் அஞ்சனக்கல்லை ஒவ்வொன்றாக ஏந்திப் பார்த்தாள். லேசாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினாள். அவன் பேஜாராகி, "எல்லாம் ஒண்ணுதாம்மா, எத்தையாவது எடுத்துகினு போ" என்றான். அவளா கேட்பாள்? புதுவெள்ளி போல மின்னியதை, இருப்பதிலேயே கனமானதை வாங்கி வந்தாள்.

ஓரத்தில் தட்டியபோது அது குட்டிக் குட்டிப் பெட்டிகளாக, சதுரம் சதுரமாக உடைந்தது. கல் என்று பெயரே தவிர அரைக்க முரண்டு பிடிக்கவில்லை. விளக்கெண்ணெய் விட்டு இழைத்ததும் அப்படி ஒரு கறுப்பு. தினமும் கண்ணுக்கு, புருவத்துக்கு, கன்னத்தில் திருஷ்டிப்பொட்டுக்கு. குழந்தை கண்ணைக் கசக்கும், அதே விரலை வாயில் வைக்கும். எந்தப் பிள்ளைதான் வைக்காது? வயிறு வலிக்கிறதென்று அழுதபோது பூச்சி மருந்து கொடுத்தார்கள். வெளுத்துப்போனபோது முருங்கைக்கீரை கொடுத்தார்கள். கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒவ்வொரு சொல்லாக விட்டு, கடைசியில் 'அம்மா'வையும் விட்டபோது திருஷ்டி என்றார்கள். புஷ்பலதா பொட்டை இன்னும் பெரிதாக வைத்தாள்.

"இது கலீனாங்க," என்றார் டாக்டர். "ஈயமும் கந்தகமும் சேர்ந்த கல்லு. ராஜஸ்தான் பக்கம் சுரங்கத்துல வெட்டுவாங்க. இத உருக்கித்தான் ஈயம் எடுக்கறாங்க. டெஸ்ட்டுல குழந்தை ரத்தத்துல இருக்கறதா வந்தது அந்த ஈயந்தான்."

"நல்லா கனமா இருந்துச்சுங்க," என்றாள் புஷ்பலதா.

"ஈயம் கனமாத்தாங்க இருக்கும்."

அவள் கணவன் கோகுல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அரிசி மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். "பேச்சு வந்துருங்களா மேடம்?" என்றான்.

டாக்டர் கல்லை மேசையில் வைத்தார். ரத்தத்தில் இருப்பதை மருந்து கொடுத்துக் குறைக்கலாம், நாளைக் காலையில் துணிமணியோடு வந்து சேர்ந்துவிடுங்கள், வீட்டில் அந்த மை ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மூளையில ஆன சேதத்த மருந்தால திருப்ப முடியாதுங்க. போன பேச்ச ரொம்ப எதிர்பார்க்காதீங்க," என்றார்.

வேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கோகுல்ராஜ் அவளைத் திட்டவில்லை. கண்ணமங்கலம் தாண்டியதும், "உனுக்கு இன்னா தெரியும். வுடு," என்றான். நாலு பேர் முன்னால் அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தெரியாத்தனமாக ஏதோ ஒரு கல்லை எடுத்து வந்திருந்தால் தேவலை. அவள் தெரிந்தவளாயிற்றே, பார்த்துப் பார்த்தல்லவா எடுத்தாள்.

சேவூர் வீட்டுக்கு வந்ததும் மைச்சிமிழ், அரைத்த குழவி, எண்ணெய்க் கிண்ணம் எல்லாவற்றையும் அவன் ஒரு பையில் போட்டு இறுகக் கட்டினான். புஷ்பலதா குழந்தையின் முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். இமையோரக் கறுப்பு முழுதாகப் போகவில்லை. மறுபடியும் தேய்த்தாள். துண்டால் துடைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தை தத்தித் தத்தி வந்து அவள் மடியில் ஏறியது. கண்களை மூடி, முகத்தை அவளை நோக்கி நிமிர்த்தி, அசையாமல் இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தது.

"மை," என்றது.