பூட்டிவைத்த கிராபிக்ஸ் கார்டு

பால்காரர் பால் ஊற்றும்போது எல்லாரும் சொம்பைப் பார்ப்பார்கள். அதியமான்கோட்டைத் திருமால் பால்காரரின் முகத்தைப் பார்ப்பான். அப்பேர்ப்பட்டவன் தன் கம்ப்யூட்டரை ஒரு ராத்திரி இன்னொருத்தன் கடையில் விட்டுவைத்தான் என்றால், அந்த இன்னொருத்தன் உபைதாகத்தான் இருக்க முடியும்.

உபைத் தர்மபுரியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. இருவரும் ஜோடி சேர்ந்து ஆன்லைனில் சுடும் விளையாட்டு ஆடுபவர்கள். முப்பதைத் தாண்டிய ஆம்பளைகளுக்கு இது தேவையா என்று தெருவில் கேட்காத ஆளில்லை. ஆனால் விளையாட்டில் சும்மா சொல்லக்கூடாது, மாநில அளவிலான ஒரு போட்டியில் அரையிறுதிக்கே வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சேலத்து ஜோடியோடு ஆட்டம்.

அதற்குள் இப்படி ஒரு வினை. பொங்கலுக்கு முன் உபைத் தூசி தட்டிக் கொடுத்த சி.பி.யூ, பொங்கல் முடிந்ததும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டு ஓடும். நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்று திரை மூலையில் ஒரு எண் காட்டுமே, அது நூற்றுப்பத்தில் நிற்கும். அப்புறம் சறுக்கி இருபத்தெட்டுக்கு வந்துவிடும். இருபத்தெட்டில் எதிரி நடந்து வருவதில்லை, திடீர் திடீரென்று முளைக்கிறான். திருமால் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் செத்துக் கிடப்பான்.

திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறதே, அதில் பழைய கார்டுக்குப் புதுக் கார்டின் பேரை ஏற்றி ஏமாற்றுகிறார்கள் என்று ஏதோ ஒரு வீடியோவில் பார்த்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான்.

"உபைத் கார்டை மாத்திட்டான்" என்றான் மனைவி தேன்மொழியிடம்.

"கம்ப்யூட்டர்ல பேரு சரியாத்தானே காட்டுதுங்க?"

"அதான் சந்தேகமே. திருடுனவன்தான் பேரை அவ்ளோ சரியா வப்பான்."

"தப்பா காட்டியிருந்தா?"

"அப்பவும் அவன்தான்."

"நம்ம கல்யாணத்துல வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு பந்தி பரிமாறுனாருங்க அந்த அண்ணன்."

"பந்தி பரிமாறுனவனுக்கு கார்டு மேல ஆசை வரக்கூடாதா?"

சனிக்கிழமை சாயங்காலம், "வந்து ஒரு பார்வை பாரு" என்று உபைதை வீட்டுக்கு வரவழைத்தான். பார்க்கவா கூப்பிட்டான்? பிடிக்கக் கூப்பிட்டான்.

உபைத் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை ஓடவிட்டான். எண் இருபத்தெட்டுக்கு இறங்கியதும் படத்தின் அளவைக் குறைத்தான். எண் நாற்பத்தைந்துக்கு ஏறியது.

"பாத்தியாடா, படத்தை சின்னதாக்குனா ஏறுது. ப்ராசஸர் சும்மாத்தான் கெடக்குது. கார்டுதான் மூச்சு வாங்குது."

கார்டுதான் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டானே! திருமால் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

உபைத் இன்னொரு கட்டத்தைத் திறந்து, கார்டின் சூட்டைப் பார்த்து, டீயைக் கீழே வைத்தான். "தொண்ணூறு டிகிரியத் தாண்டி கொதிக்குதுடா. இவ்ளோ கொதிச்சா கார்டு தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் கொறச்சிக்கும். சி.பி.யூவை எங்க வச்சிருக்க?"

மேசைக்கு அடியில் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கே ஓர் இரும்புப் பெட்டி. பொங்கல் முடிந்த கையோடு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தது. வயர் நுழைய ஓர் ஓட்டை, முன்னால் பூட்டு. சாவி திருமாலின் அரைஞாண் கயிற்றில்.

"எதுக்குடா இது?"

"வூட்டுக்கு நாலு பேரு வந்து போறாங்க."

"நானும் உன் மச்சானும்தானே வரோம்? தொறடா, உள்ள வேவுது."

திருமால் யோசித்தான். தொடவிட்டால் இவன் பழையபடி மாற்றி வைத்துவிடுவானோ? ஆனால் திருமாலிடம் ஓர் ஆயுதம் இருந்தது. தூசி தட்டக் கொடுப்பதற்கு முன்பே கார்டின் முதுகில் யாருக்கும் தெரியாமல் ஒரு புள்ளி வைத்திருந்தான். புள்ளி இல்லையென்றால் உபைத் கையும் களவுமாக மாட்டுவான். சாட்சிக்குத் தேன்மொழியைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்தான்.

இட்லிப் பானையைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது.

"வடகம் காய வச்சிருக்கலாம் போலிருக்குதே" என்றாள் தேன்மொழி.

உபைத் சி.பி.யூவை வெளியே இழுத்து வைத்து, பக்கக் கதவைக் கழற்றினான். திருமால் செல்போன் டார்ச்சை அடித்தான். புள்ளி இருந்தது. ரோஸ் நிறத்தில், வைத்தது வைத்தபடி. அதே கார்டு. நிம்மதி வருவதற்கு முன்னால் திருமாலுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் வந்தது.

திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அறுபது, தொண்ணூறு. அதைப் பார்க்க ஆளில்லை.

"அட, என் நெயில் பாலிஷ்!" என்றாள் தேன்மொழி. "இதைத்தான் வூடு பூரா தேடிக்கிட்டிருந்தேன்."

உபைத் புள்ளியையே பார்த்தான். "இது எப்ப வச்ச?"

"வாங்குனப்பவே."

"வாங்குனப்ப மாட்டுனது நான்டா. அப்ப இல்ல." பக்கக் கதவைத் திரும்ப மாட்டிக்கொண்டே, "தூசி தட்டறப்ப பாத்தேன். கம்பெனி மார்க்கு போலன்னு அழியாம சுத்தித் தொடச்சேன்" என்றான்.

பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை எண் நூற்றுப்பத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஆட்ட நேரம் நெருங்கியும் உபைத் ஆன்லைனில் வரவில்லை. திருமால் போன் போட்டான்.

"ஆட்டத்துல உன் முதுகுக்குக் காவல் நிக்கறவன் நானு" என்றான் உபைத். "நீ முன்னாடி பாக்காம என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தா, ரெண்டு பேருமே சாவோம். வேற ஆள் பாத்துக்கடா."

சேலத்துக்காரர்கள் ஒரு குண்டுகூடச் சுடாமல் இறுதிக்குப் போனார்கள்.

திருமால் கம்ப்யூட்டரை அணைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அந்த சேலத்துப் பசங்களோட இவன் முன்னாடியே பேசி வச்சிருப்பானோ?" என்றான்.

தேன்மொழி எழுந்து, உபைதின் மனைவி சமரீனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கக் கொல்லைப்புறம் போனாள்.