இரண்டாம் குரோமோசோமின் இடது நுனி

பழ ஈயின் இரண்டாம் குரோமோசோமில், இடது நுனியில் உட்கார ஆள் தேவை என்று அறிவிப்பு வந்தபோது தவமணி மனுப் போட்டாள், வேலையும் கிடைத்தது. அதற்கு முன் ஒன்பது வருடம் திண்டுக்கல்லில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருந்தவள். ஈ, பேருந்து நிலையத்துப் பழக்கடையில், கனிந்து கறுத்த கற்பூரவள்ளித் தாரில் குடியிருந்தது. குரோமோசோம் என்பது அதன் உடம்புக்குள் ஒரு நீளத் தெரு. தெரு முடிகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள்.

சும்மா உட்காருகிற வேலைதானே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தினமும் தையல்காரர்கள் ஊசி நூலோடு வருவார்கள். அறுந்து கிடக்கிற தெருக்களை ஒட்டித் தைப்பது அவர்கள் பிழைப்பு.

"இது அறுந்த இடமா, நுனியா?"

"நுனிதாண்ணே."

"சரிம்மா," என்று போய்விடுவார்கள். நாற்காலி காலியாக இருந்தால் கேட்க மாட்டார்கள். இன்னொரு தெருவின் நுனியை இழுத்துவந்து இதோடு தைத்துவிடுவார்கள். அப்புறம் உடம்பு வளர்வதற்காக இரண்டு தெருவும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து கிளம்பும்போது நடுவில் கிழியும்.

நாற்காலிக்குப் பின்னால் முதல் வீடு அருளப்பனுடையது. அவருக்கு 'போதும்' என்று சொல்கிற உத்தியோகம். ஈயின் புழு தின்று தின்று பருக்கும். சரியான அளவு வந்ததும் அருளப்பன் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை "போதும்" என்பார். புழு வாயைத் துடைத்துக்கொண்டு கூடு கட்டப் போகும், இறக்கை முளைக்கும். அவர் சொல்லாவிட்டால் வீங்கிக்கொண்டே போய், ஈ ஆகாமலே செத்துவிடும். மனைவியை இழந்த மனிதர். குரல் மட்டும் கணீர் என்றிருக்கும். தவமணிக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. அதுவரை அவளிடம் யாரும் போதும் என்று சொன்னதில்லை, எல்லோரும் இன்னும் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

பத்து நாளைக்கு ஒரு தலைமுறை. அப்போது தெருவையே புதிதாகப் பிரதி எடுப்பார்கள், நுனியில் ஒரு முழம் விட்டுப்போகும். எடுக்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, கையை ஊன்ற ஓரத்தில் கொஞ்சம் இடம் வேண்டுமே. தவமணி நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொள்வாள்.

அவ்வப்போது மூட்டை முடிச்சோடு சிலர் வந்து, நுனியில் வீடு போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். தவமணி பழக்கப்படி, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள். அவர்கள் யாரையும் பார்க்க வரவில்லை. கம்பைக் காட்டி அனுப்பிவைத்தாள். மூன்று முறை வந்தார்கள், மூன்று முறையும் அனுப்பினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒரு தலைமுறையில் அருளப்பனின் வாசற்படி போனது. அடுத்ததில் கதவு. அதற்கும் அடுத்ததில் முன்னறையில் பாதி. குரல் கம்மிவிட்டது. அந்த முறை மூன்று தடவை சொன்ன பிறகுதான் புழுவுக்குக் கேட்டது.

"ஏன் சார், ஆபீஸ்ல சொன்னா நீட்டிக் குடுக்க மாட்டாங்களா?"

"மனுச உடம்புல அதுக்குத் தனி இலாகா இருக்கு, தவமணி. ஈக்கு அத என்னைக்கோ எடுத்துட்டாங்க. அலையுற சனம் வந்து நுனியில வீடு போட்டாத்தான் உண்டு. ஏனோ இப்பல்லாம் ஒருத்தரும் வர்றதில்ல."

தவமணி கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் சார் வெரட்டி விட்டேன்."

"உன் வேலைய நீ பாத்திருக்க," என்றார். பிறகு எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், விரட்டிய சனத்தை அவள் தேடிப் போவதற்காக.

மூன்றாம் தெருவின் நுனியில் பஞ்சவர்ணம் என்பவளின் கூட்டம் இருந்தது. "போன தடவ கம்பக் காட்டுனியே தாயி," என்றாள் பஞ்சவர்ணம்.

"தப்புத்தாங்க்கா. மன்னிச்சுக்கங்க."

பஞ்சவர்ணத்தின் ஆட்களுக்கு எந்த நுனிக்கும் வழி தெரியும், ஆனால் கைவசம் சுவர் பூசுகிற கொல்லுறு ஒன்று கூடக் கிடையாது. கருவியெல்லாம் செங்கான் என்பவரின் கூட்டத்திடம் இருந்தது, அவர்களுக்கோ வழி தெரியாது. தவமணி இரண்டு கூட்டத்தையும் கையோடு அழைத்துக்கொண்டு வந்தாள். வீட்டைக் காலி செய்து வருகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. பழைய வீட்டில் ஒரு பஞ்சவர்ணம் அடுப்பு ஊதிக்கொண்டிருக்க, இன்னொரு பஞ்சவர்ணம் முன்னால் நடந்தாள்.

புது வீட்டின் முதுகு, பழைய வீட்டின் வாசலை அடைத்துத்தான் உட்கார வேண்டும். அது அவர்கள் முறை.

"நீங்க வெளிய வர முடியாது சார்."

"கொரல் வந்தாப் போதும்."

அருளப்பன் பாதி அறைக்குள் போனார். சுவருக்கு மட்டம் பார்க்க, தவமணியை நூல் பிடித்து நிற்கச் சொன்னார் செங்கான். அவர்கள் வீடு எழுப்பும்போது நூல் பிடித்தவரும் சேர்ந்து இரண்டு பேராகிவிடுவது உண்டு. சுவர் முழங்கால் உயரம் வந்தபோது உள்ளே ஒரு தவமணியும் வெளியே ஒரு தவமணியும் நின்றார்கள்.

"நாற்காலிக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள் உள்ளே நின்றவள்.

"தெரியும். நீ இரு," என்றாள் வெளியே நின்றவள். சுவர் தலைக்கு மேல் போனது.

ஏழு வீடுகள் வரிசையாக எழும்பின. தவமணி நாற்காலியை எடுத்துக்கொண்டு ஏழாவது வீட்டுக்கு முன்னால் போட்டாள். ஆறாம் நாள், ஏழு சுவர்களுக்கு அப்பாலிருந்து "போதும்" என்று கேட்டது. ஒரே ஒரு தடவைதான். புழு தின்பதை நிறுத்தியது. தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

சற்று நேரத்தில் அதே திசையிலிருந்து ஒரு பெண் குரல், "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கங்க, சார்," என்றது. அது தன் குரல்தான். தவமணிக்குப் பொறாமையாக இருந்தது. அன்று மாலை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். யார் மேல் புகார் என்கிற கட்டத்திலும் தன் பேரையே எழுதினாள்.