அப்பா அடிச்ச ஒரே கரப்பான்

அக்கா, தூங்கிட்டியா? சத்தமா பேச முடியாது. மேஜை மேல ஏறி உக்காந்திருக்கேன். காலைக் கீழ வைக்க தைரியம் இல்ல. நீ ஹாஸ்டல்ல இருக்க, தப்பிச்ச.

நம்ம அப்பா முதலாளிகளுக்குன்னு ஒரு புத்த பிக்கு நடத்தின தியான வகுப்புக்குப் போனாருல்ல? புலி மாதிரி போனாரு, பசு மாதிரி வந்தாரு. பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனியை வெச்சுக்கிட்டு, வேலையாளுங்க நாலு பேரையும் நிக்க வெச்சு, "இனி நம்ம ஒரு உயிரையும் கொல்ல மாட்டோம், பொய்யும் சொல்ல மாட்டோம்"னுட்டாரு.

மருந்து கலக்குற அண்ணன், "அப்போ கரப்பான்கிட்ட கெஞ்சணுமா முதலாளி?"ன்னு கேட்டாரு.

"ஓட்டையை அடைப்போம். உள்ள இருக்கறதை உயிரோட பிடிப்போம். யாருக்கும் வேலை போகாது, அதுக்கு நான் பொறுப்பு."

முதல் வேலையே பேக்கரி அம்மாவோடது. நம்ம பெரிய வாடிக்கையே அவங்கதான். அவங்க போனா அந்த நாலு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஓட்டையெல்லாம் பூசி, ஒரு பெட்டி நிறைய கரப்பானைப் பிடிச்சாச்சு. எங்க விடறது? அடுத்த தெருவுல விட்டா அந்தத் தெருக்காரங்களுக்குத் துரோகமாம். மைதானத்துல விட்டா காக்கா கொத்துமாம், அதுவும் கொலையாம். சுத்திச் சுத்தி பெட்டி என் கட்டிலுக்கு அடியில வந்துருச்சு.

பேக்கரி அம்மா கறாரா சொல்லிட்டாங்க: "கொல்லத் தெரியாத ஆளுக்கு எதுக்குக் காசு? நாளைக்கு முடிவு சொல்றேன்."

இன்னிக்கு ராத்திரி அப்பா ஹால்ல கண்ணை மூடி உக்காந்திருந்தாரு. நான் பெட்டி மேல வெச்சிருந்த அறிவியல் புத்தகத்தை எடுத்தேன். மூடி நகர்ந்துச்சு. ஒண்ணு வெளிய வந்து, நேரா ஹாலுக்குப் போய், அப்பா பேண்ட்டுக்குள்ள ஏறுச்சு.

அப்பா அசையல. "கருணை... கருணை..."ன்னாரு. முட்டியைத் தாண்டுச்சு. மூணாவது கருணையில பாதிதான் வந்துச்சு. பட்டார்னு ஒரு அடி!

பேயறைஞ்ச மாதிரி நின்னாரு. "பேக்கரி அம்மாகிட்ட சொல்லணும்."

"ஐயோ அப்பா, அவங்களுக்கு எப்படித் தெரியப் போகுது? வாயைத் திறந்தா எல்லாம் போச்சு!"

"ஒண்ணையும் கொல்ல மாட்டேன்னு அவங்களுக்கும் வாக்கு குடுத்திருக்கேன். ஏற்கனவே கொலை. அது மேல பொய்யையும் ஏத்தவா?"

நம்ம அம்மா பாத்திரம் கழுவிக்கிட்டே, "சொல்லுங்க, சொல்லுங்க. கொல்லத் தெரிஞ்ச ஆளுதான்னு இப்பவாவது நம்பட்டும்"னாங்க.

அப்பா போன் போட்டாரு. பேக்கரியில ராத்திரிதானே மாவு பிசைவாங்க, உடனே எடுத்துட்டாங்க. அப்பா, "ஒண்ணு... என் கையால..."ன்னாரு. அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, போனே வெடிச்சுரும் போல.

"இன்னிக்கு வேற கம்பெனிக்காரன் ஒருத்தன் வந்தான். 'எங்க மருந்துக்கு ஒண்ணும் தப்பாது'ன்னு சத்தியம் பண்ணான். அவன் பைக்குள்ளேருந்தே ஒரு கரப்பான் மீசையை ஆட்டுச்சு. நீங்க ஒத்தை கரப்பானுக்குத் துக்கம் சொல்றீங்க! அவன் வேணாம். நாளைக்கு ஆளுங்களோட வந்து மாவு ரூமையும் அடைச்சுக் குடுங்க."

அப்பா அழுதுட்டாரு. "செத்ததுக்கா, வேலை கிடைச்சதுக்கா?"ன்னு அம்மா கேட்டாங்க.

நாலு பேருக்கும் வேலை நிலைச்சுச்சு, சந்தோஷம்தான். ஆனா அக்கா, அந்தக் கலாட்டாவுல பெட்டி மூடியை நான் சாத்தினேனா இல்லையான்னு ஞாபகமே வரல. கட்டிலுக்கு அடியில சரசரங்குது. செருப்பு கைக்கெட்டுற தூரத்துலதான் இருக்கு. ஆனா கவுத்துப் பிடிக்க டம்ளரைத்தான் எடுத்திருக்கேன்.

போனை வெச்சுடாத.