ஆரஞ்சுக் கூம்புகள் காத்த புல்

வைமோகோ ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முன்னால் ஒரு வளைவு உண்டு. கடல் பொங்கும் நாளில் உப்புநீர் அதுவரை ஏறிவந்து கரைப்புல்லை நனைத்துவிட்டுத் திரும்பும். இலையுதிர் காலத்தில் வரும் பெரிய கடலேற்றத்தன்று இனங்கா மீன்கள் அந்தப் புல்லுக்குள் புகுந்து, தண்டின் அடியில் முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த பெரிய ஏற்றம் வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை முட்டைகள் புல்லின் ஈரத்தில்தான் உயிர் பிழைக்க வேண்டும். புல்லை வெட்டினால் வெயில் படும். வெயில் பட்டால் அடுத்த வசந்தத்தில் மீன் குஞ்சும் இல்லை, அதைக் கோழிமுட்டையில் கலந்து தட்டிப் பொரிக்கிற அடையும் இல்லை.

இது மாடு மேய்த்து ஓய்ந்த மெர்வ் கெர்ஸ்லேக்குக்குத் தெரியும். மேய்ந்த மாடுகளுக்கும் தெரியும். வட்டார மன்றத்துக்குத் தெரியவைக்கத்தான் ஆறு வருடம் பிடித்தது.

அந்த ஆறு வருடமும் கலந்தாய்வு நடந்தது. வந்தவர்களுக்கு ரொட்டியில் சுருட்டிய இறைச்சி சாசேஜ் கொடுத்தார்கள். சுவரில் ஆற்றின் வரைபடத்தை மாட்டி, கருத்து இருப்பவர்கள் எல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள் என்றார்கள். தாள்களின் கனம் தாங்காமல் ஊர் மண்டபத்தின் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. இன்றும் சாய்ந்துதான் நிற்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். கடைசியில் அந்த வளைவு பாதுகாக்கப்பட்ட இடம் என்று மன்றம் தீர்மானம் போட்டது. மெர்வ் வீட்டுக்கு வந்து, ஆறு வருடத்தில் முதல்முறையாகக் குறட்டை விட்டுத் தூங்கினார்.

பெரிய ஏற்றம் வந்து வடிந்த மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை, கரையில் புல்வெட்டும் வண்டியின் சத்தம் கேட்டது. மெர்வ் ரப்பர் பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

“டேய் டாரில்! நிறுத்துடா!”

ஓட்டுநர் டாரில் காதடைப்பைக் கழற்றினான். “என்ன மெர்வ் அண்ணே, காலங்காத்தால பேய் பிடிச்ச மாதிரி?”

“புல்லுல முட்டை கெடக்குடா, பாவி!”

“எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு மன்றத் தலைவரம்மா வர்றாங்களாம். பலகை திறப்பு விழா. போட்டோவுக்கு அழகா இருக்கணும், மழிச்சு வைன்னு ஆர்டர்.”

“என்ன பலகை?”

டாரில் தன் வண்டியின் பின்பக்கம் படுத்திருந்த பலகையைக் காட்டினான். இரண்டு கதவு அகலம். ‘இனங்கா முட்டையிடும் இடம். புல்லைத் தொந்தரவு செய்யாதீர்கள்.’

அதற்குள் வளைவின் பாதி மொட்டையாகிவிட்டது. மெர்வ் மண்டியிட்டு வெட்டுப்பட்ட தண்டுகளை விலக்கிப் பார்த்தார். கண்ணாடியில் செய்த கசகசா போல முட்டைகள், ஆயிரக்கணக்கில். வெயில் பட்ட ஓரத்தில் அவை சுருங்கத் தொடங்கியிருந்தன.

மன்றத்தின் ஆற்று அதிகாரி பிளேர் ஆட்லிக்குப் போன் போட்டார்.

“சார், புல்லு எங்க பிரிவு இல்லையே. நாங்க மீன். புல்லு, கரைப் பராமரிப்பு.”

“மீனு எங்கப்பா முட்டை போட்டிருக்கு?”

“புல்லுல.”

“அப்புறம்?”

“அதான் சார். புல்லுல போட்டதும் அது அவங்க பொறுப்புக்குப் போயிடுது. அவங்ககிட்ட பேசணும்னா திங்கக்கிழமை...”

“திங்கக்கிழமை நான் கருமாதிதான் பண்ணணும்!” மெர்வ் போனை ஆற்றில் எறியப் பார்த்து, அதுவும் மன்றத்தின் ஆறுதானே என்று அடக்கிக்கொண்டார்.

அப்போது தேநீர் இடைவேளை வந்தது. இந்த நாட்டில் நிலநடுக்கம்கூடத் தேநீர் முடியக் காத்திருக்கும். டாரில் தன் வண்டியை வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தி, பாதுகாப்பு விதிப்படி முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக, சாலையில் எச்சரிக்கைக்கு வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு வைத்துவிட்டு, பிளாஸ்க்கோடு உள்ளே ஏறினான். சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை ஒரு ஆடுகூட இல்லை.

மெர்வ் அந்தக் கூம்புகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆற்றோரத்து மாவோரிப் பூர்வகுடியின் பெரியவர் பிக்கி தமிஹானா, நாளைய விழாவில் வேண்டுதல் சொல்ல வேண்டியவர், தன் வேனை ஓரங்கட்டினார். “என்னாய்யா மெர்வ், மூஞ்சி செத்த விலாங்கு மாதிரி இருக்கு?”

மெர்வ் மொட்டைக் கரையைக் காட்டினார். பிக்கி இறங்கி வந்து வெட்டுப்பட்ட தண்டு ஒன்றைக் கையில் எடுத்தார்.

“எங்க ஆளுங்க எத்தனை தலைமுறையா இந்தப் புல்லைத் தொடாம விட்டோம். ஒரு பலகை வச்சிருப்போமா? இவங்க பலகை கொண்டாந்தாங்க, புல்லு போச்சு. சாசேஜ் வேற தின்னு தொலைச்சேன்.”

“பிக்கி, உன் வேன் வேணும். என் கொட்டகைக்குப் போகணும்.”

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வைமோகோவில் மீனைவிட அதிகமாக மிதந்து வருவது சாலைக் கூம்புதான். மெர்வின் கொட்டகையில் அவை கூரைவரை நின்றன. அதில் ஒன்றில் கோழி இரண்டு தலைமுறை கண்டிருந்தது. கோழியைக் கெஞ்சி இறக்கிவிட்டு அதையும் ஏற்றினார்கள்.

டாரில் தேநீர் முடித்து இறங்கியபோது மீதிப் புல்லைச் சுற்றிக் கூம்புகள் வரிசைகட்டி நின்றன.

“இதை யாரு வச்சது?”

“எனக்கென்ன தெரியும்? பாதுகாப்புப் பிரிவா இருக்கும்,” என்றார் மெர்வ்.

டாரிலின் முகம் வெளுத்தது. பிளேருக்குப் போன் போட்டான். எதிர்முனை அலறல் மெர்வுக்கே கேட்டது. “கூம்புக்கு உள்ள காலை வச்சுடாதே! வச்சவங்க யாருன்னு தெரியாம எடுக்கவும் கூடாது. வேலை போயிடும் ரெண்டு பேருக்கும்!”

தீர்மானத்தை மிதித்தவர்கள், பலகையை மிதிக்க இருந்தவர்கள், ஒரு பிளாஸ்டிக் கூம்புக்கு முன்னால் கைகட்டி நின்றார்கள். மெர்வுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை விழா மொட்டைப் பக்கம் நடந்தது. பிக்கி வேண்டுதல் சொன்னார். மன்றத் தலைவர் பெவர்லி ஸ்ட்ராங், மக்களும் இயற்கையும் கைகோத்து நடப்பதைப் பற்றி, முட்டைகளின் மேல் நின்றுகொண்டு பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும் மெர்வ் போய் அவர் கையில் ஒரு பிடி காய்ந்த புல்லைத் திணித்தார்.

“ஓ, வைக்கோல்! ரொம்ப நன்றி.”

“வைக்கோல் இல்லம்மா. நீங்க காப்பாத்துன மீனு. நல்லாப் பாருங்க. ஆறு வருஷம் உங்க முன்னாடி உக்காந்து கெஞ்சுனேன். ஒரே காலையில கொன்னுட்டு, அது மேலயே நின்னு போட்டோ எடுக்கிறீங்க.”

தலைவர் குனிந்து பார்த்தார். “இதை உரியவங்ககிட்ட சேர்க்கிறேன்,” என்று பிளேரிடம் கொடுத்தார். பிளேர் கரைப் பராமரிப்புக்காரரிடம் கொடுத்தார். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டாரிலிடம் கொடுத்தார். டாரில் கொடுக்க ஆளில்லாமல் அதை வைத்துக்கொண்டு நின்றான். விழா முடிந்து எல்லோரும் போன பிறகும் அவன் அதைக் கீழே போடவில்லை.

அடுத்த பெரிய ஏற்றத்தன்று மெர்வும் பிக்கியும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். டாரிலும் தானாக வந்து சற்றுத் தள்ளி நின்றான். நீர் கூம்புகளுக்கு இடையே ஏறிப் புல்லை மூடியது. வடியும்போது தண்ணீர் கண்கூசப் பளபளத்தது. கண்ணாடி ஊசிகள் போலக் குஞ்சுகள் கடலை நோக்கிப் போயின. மொட்டைப் பக்கமிருந்து வெறும் தண்ணீர்தான் போனது.

கூம்புகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. வெயிலில் வெளுத்தவற்றை மன்றமே மாற்றிவிடுகிறது. எந்தப் பிரிவு என்று யாருக்கும் தெரியாது. சென்ற மாதம் கூம்புகளுக்கு எந்த நிறம் பொருத்தம் என்று ஊர் மண்டபத்தில் கலந்தாய்வு வைத்தார்கள். மெர்வ் சாசேஜைத் தொடவில்லை. சாய்ந்த சுவரில் ‘புல்’ என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு வந்தார்.

அதன் கீழே யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள்: ‘எங்கள் பிரிவு அல்ல.’