சோத்தாங்கைப் பக்கம்

கரியமாணிக்கத்தில் கரும்பு வண்டி சேற்றில் மாட்டினால் முதலில் சாமியைக் கூப்பிடுவார்கள், அடுத்து வீரப்பனைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் வீரப்பன்தான் முதலில் வந்து சேருவான். அவனிடம் இருந்தது மூக்கு நீண்ட பழைய லாரி. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அதைவிட வயது குறைவு. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் தெம்பு வேண்டும். ஹார்ன், மனசு வைத்தால்தான் அடிக்கும். ஆனால் பின்னால் சங்கிலியை மாட்டி முதல் கியரில் போட்டுவிட்டால், மாட்டினது எதுவாக இருந்தாலும் கரையேறும். ஹைவேயில் நிற்கிற புது மீட்பு வண்டிகள் தார் ரோட்டை விட்டு இறங்காது. இறங்கின இரண்டையும் இழுத்துவிட்டது வீரப்பன்தான். அந்தக் கதையை அவன் கேட்காதவர்களிடமும் சொல்லுவான்.

வண்டி அவனுடையது என்றாலும் வேலை இரண்டு பேருடையது. தங்கை சின்னப்பிள்ளையின் புருஷன் மணிவண்ணன்தான் கீழே நிற்பான். சங்கிலி மாட்டுவது, சக்கரத்துக்குக் கல்லும் கட்டையும் கொடுப்பது, குரல் கொடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. வீரப்பனுக்கு லாரிக்குள்ளிருந்து பின்னால் ஒன்றும் தெரியாது. மச்சான் குரல்தான் அவனுக்குக் கண்.

குரலில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார்கள். "ஓல்டான்" என்றால் நிறுத்து. "ரைட்" என்றால் எடு. பஸ் கண்டக்டர் சொல்வாரே, அதே ரைட். அதனால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டுமானால் தப்பித் தவறியும் ரைட் என்று சொல்லமாட்டார்கள். "சோத்தாங்கைப் பக்கம் ஒடி மச்சான்" என்பான் மணிவண்ணன். இடது பக்கத்துக்குச் சொல்லும் சொல்லை இங்கே எழுத வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவன் மகள் வெண்ணிலாவுக்கு அதைக் கேட்டால் மானம் போகும். "நாலு பேரு எதிர்ல இன்னாப்பா இது, லெஃப்ட்டு ரைட்டுன்னு சொல்லேன்" என்பாள். வில்லியனூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது அவளுக்கு. அங்கே மாஸ்டர் லெஃப்ட்டு ரைட்டு என்றுதான் சொல்லிக்கொடுத்தார்.

வீரப்பனுக்குப் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து பத்து வருஷம். பிள்ளை இல்லை. மூன்று வேளையும் தங்கை வீட்டில்தான் சோறு. வெண்ணிலாவுக்குக் காது குத்தியது அவன் மடியில்தான், சடங்குக்குச் சீர் கொண்டுபோனது அவன் லாரியில்தான். லாரியை விட்டால் அவனுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான் என்று சொன்னால் மிகையில்லை.

தை பிறந்து பத்து நாளில், பருவம் தப்பின மழை ஒன்று அடித்தது. மறுநாள் வாய்க்கால் கரையில் கரும்பு டிரெய்லர் ஒன்று ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. வீரப்பன் லாரியை முன்னால் சரிவில் நிறுத்தி, சங்கிலி விறைக்கிற வரை இழுத்தான். "ஓல்டான்!" என்றான் மணிவண்ணன். வீரப்பன் பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தான். மணிவண்ணன் பள்ளத்துப் பக்கம் குனிந்து சக்கரத்துக்கு அடியில் கல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு கொண்டுவந்த வெண்ணிலா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுக் கரைமேல் நின்றாள். லாரியின் முன்சக்கரத்துக்கு அடியில் இடது பக்கத்து மண் பொலபொலவென்று வாய்க்காலில் சரிவது அவள் கண்ணில் பட்டது. மாமா லாரியோடு தண்ணீரில் போய்விடுவார் என்று பதறிவிட்டாள். கரும்புக்கு அந்தப் பக்கம் அப்பா குனிந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா! ரைட்டு! ரைட்டு!"

முப்பது வருஷப் பழக்கம். காது ரைட்டைக் கேட்டது, கால் கிளட்சை விட்டது. இது மச்சான் குரல் இல்லையே என்று மனசு சொல்வதற்குள் லாரி ஒரு கஜம் போய்விட்டது. டிரெய்லர் முறுக்கிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் கவிழ்ந்தது. பத்து டன் கரும்பு.

கரும்புக்காரர் காரில் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியிலேயே மணிவண்ணன் போய்விட்டான். அப்பன் தலையை மடியில் வைத்திருந்த வெண்ணிலா அழவில்லை. வீரப்பன் முகத்தைப் பார்த்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வண்டிய வலப்பக்கம் திருப்பச் சொன்னேன் மாமா. நான் எடுக்கச் சொல்லல."

அப்போதுதான் வீரப்பனுக்கு நடந்தது என்னவென்று புரிந்தது. மச்சான் போன துக்கத்தின் மேல் இன்னொரு பயம் ஏறி உட்கார்ந்தது. பத்தொன்பது வயசுப் பெண். இந்த ஒரு சொல்லை ஆயுசு முழுக்க எப்படிச் சுமப்பாள்?

பிணத்தை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, போலீஸ் வருவதற்கு முன் வாய்க்கால் கரைக்கு ஓடினான். லாரிக்கு அடியில் படுத்து, பிரேக் ஆயில் போகிற குழாயின் நட்டை ஸ்பானர் போட்டுக் கழற்றினான். ஆயில் சேற்றில் வழிந்தது. அந்த வண்டிக்கு அடியில் ஆயிரம் தடவை படுத்திருக்கிறான், கெடுப்பதற்காகப் படுத்தது அன்றுதான். மச்சானுக்காக அழுதானா வண்டிக்காக அழுதானா என்று அவனுக்கே தெரியாது.

"சரிவுல நின்ன வண்டி சார். பிரேக்கு புடிக்கல, தானா உருண்டுடுச்சி" என்றான் போலீசிடம். அப்படியே எழுதிக்கொண்டு அவன்மேல் வழக்குப் போட்டார்கள். லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தார் ரோடு வரைக்கும் டிராக்டர் இழுத்துவந்த லாரியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக ஹைவேயிலிருந்து புது மீட்பு வண்டி வந்தது. இனி அது உடைக்கப் போகிற வண்டிதான் என்று ஏட்டு சொன்னார். ஊரும் பேசியது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

பதினாறாம் நாள் கருமாதி. புருஷனை இழந்த தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டியது அண்ணன்தான். புதுப் புடவையைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வீரப்பன் நடந்தே போனான். சின்னப்பிள்ளை அதுவரை அவனை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எல்லாம் விதி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இவள பாருண்ணே. அன்னையிலிருந்து ஒரு வாய் சோறு எறங்கல. தண்ணியும் டீயும்தான். நாந்தான் அப்பாவக் கொன்னேன்றா. அவரும் போயி இவளும் போயிட்டான்னா நான் இன்னாண்ணே பண்ணுவேன்?"

வெண்ணிலா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தோள் எலும்பு தாவணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. வீரப்பன் எதிரில் உட்கார்ந்தான்.

"பிரேக்கு போயிடுச்சிம்மா. உன் கொரலே எனக்குக் கேக்கல."

"பொய் சொல்ற மாமா." குரல் ஈனமாக வந்தது, ஆனால் உறுதியாக வந்தது. "தெனம் காலையில பிரேக்க அழுத்திப் பாக்காம நீ வண்டி எடுத்ததே கெடையாது. நான் ரைட்டுன்னேன், வண்டி நவுந்துச்சி. என் கண்ணால பாத்தேன். எனக்காகப் பொய் சொல்றன்னு எனக்குத் தெரியாதா?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வீரப்பன் கெட்டிக்காரனும் இல்லை. நல்லவன் சொல்கிற பொய் என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். அவன் நல்லவனாக இருக்கிற வரைக்கும் அவள் எதையும் நம்பப் போவதில்லை. அவள் பிழைக்க வேண்டுமானால் அவன் கெட்டவனாக வேண்டும், வேறு வழியில்லை.

எழுந்து நின்றான். பந்தலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்.

"சரி, உண்மையச் சொல்லிடறேன். போலீசுல கூட இத நான் சொல்லல. ஒரு மாசமாவே பிரேக்கு சரியில்ல. மச்சான் தெனம் சொன்னான், சரி பண்ணிடு மச்சான், உயிரு போற வேலைன்னு. நான்தான் கரும்பு சீசன் முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். அன்னைக்கும் சொன்னான். உனக்கு பயமாயிருந்தா வூட்லயே கெடடான்னு திட்டிட்டு இட்டுக்கினு போனேன்."

பந்தலில் மெக்கானிக் சாமிநாதன் விருட்டென்று எழுந்தான். பொங்கலுக்கு முன்னால் அந்தப் பிரேக்கைப் பிரித்து மாட்டினவனே அவன்தான். "டேய் வீரப்பா, நான்தானடா..." என்று ஆரம்பித்தான். வீரப்பன் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். கையெடுத்துக் கும்பிடாத குறை. சாமிநாதன் வாயை மூடிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"தெரிஞ்சுமா மாமா?" என்றாள் வெண்ணிலா.

"தெரிஞ்சுதான்."

"தெரிஞ்சே எங்கப்பாவ சக்கரத்துக்குக் கீழ குனிய வுட்டியா?"

அவன் தலையாட்டினான். அவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவன் மார்பில் அடித்தாள். பதினாறு நாளாக வராத அழுகை அப்போது வந்தது. ஊரே திரும்பிப் பார்க்கிற அழுகை. அடி ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு கல்மாதிரி நின்றான் வீரப்பன். மனசுக்குள், அழு தாயி, நல்லா அழு என்று சொல்லிக்கொண்டான்.

சின்னப்பிள்ளை மகளைப் பிரித்து இழுத்துக்கொண்டாள். கோடித் தட்டை எடுத்து அவன் கையில் திணித்தாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இந்தப் பொடவைய எடுத்துக்கினு போயிடு. எனக்குப் பொறந்த வூடு கெடையாது. நாளைக்கு நான் செத்தாலும் நீ கோடி கொண்டாராத."

யாரும் தடுக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். வீரப்பன் தெருவில் இறங்கி, வீட்டுப் பின்பக்கத்துக் கீற்று வேலி வரைக்கும் நடந்தான். அதற்குமேல் கால் வரவில்லை. வேலியோரம் உட்கார்ந்துவிட்டான்.

சமையல் நடந்த இடம் அந்தப் பக்கம்தான் இருந்தது. வெகு நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் அது தேய்ந்தது. இலை விரிக்கிற சத்தம் கேட்டது. கீற்று இடுக்கில் எட்டிப் பார்த்தான். வெண்ணிலா இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். முதல் வாய் போட்டாள். இரண்டாவது வாய் போட்டாள். தொண்டை அடைத்து விக்கல் வந்தது, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கை வைத்தாள்.

"அந்த ஆளு இனிமே நம்ம வூட்டுக்கு வரக்கூடாதும்மா."

"வரமாட்டான்டி. நீ சாப்புடு."

"கொஞ்சம் கொழம்பு ஊத்து."

வீரப்பன் புதுப் புடவையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதான். அவள் இலையை மடிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தான்.